வெள்ளைக் கப்பலின் மீதிக் கதை

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

காலையில் அது இருந்தது. சாப்பாட்டு மேசையில், டிக்கெட் தாளுக்கும் மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் இருந்ததை ஃபைஹாவே பார்த்தாள். இப்போது டிக்கெட் இருந்தது. அட்டை இருந்தது. பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

"மூணு மணிக்கு நாம கிளம்பியே ஆகணும்," என்றார் அம்மா. நாலாவது முறையாகக் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். பேனா, சீப்பு, இருமல் மிட்டாய் எல்லாம் விழுந்தன.

அத்தா, அதாவது ஃபைஹாவின் அப்பா, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

"அங்க எதுக்குங்க தேடுறீங்க?"

"போன வருஷம் என் கண்ணாடி இங்கதானே கிடைச்சுது," என்றார் அத்தா.

ஃபைஹாவின் அம்மா ரோஷன் பேகம், டெக்சாஸில் இர்விங் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இந்த வருடம் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். அங்கே ஒரு துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. சாதாரணக் கப்பல் இல்லை, உள்ளே முழுக்க ஆஸ்பத்திரி. கண் தெரியாதவர்களுக்கும் உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கும் அந்தக் கப்பலில் இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள். அதில் உதவி செய்யத்தான் அம்மா போகிறார். இடம் கிடைப்பதற்கு இரண்டு வருடம் காத்திருந்தார்.

அப்படிப்பட்ட பயணத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

அத்தா காரில் தேடினார். ஃபைஹா சோபாவின் மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சாக்ஸும் இரண்டு கிரேயானும் கிடைத்தன.

தேடாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவள் தம்பி ஹசன்.

ஹசனுக்கு ஆறு வயது. எதையாவது காணோம் என்றால் அந்த வீட்டில் முதலில் ஓடுவது அவன்தான். டிவி ரிமோட்டை முப்பது நொடியில் கண்டுபிடித்துவிட்டு, கையை நீட்டி ஒரு சாக்லேட் கேட்பான். இன்றைக்கு அவன் தரையில் உட்கார்ந்து ஒரு டைனோசருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரமாக அதன் வாலுக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தா," என்றான், தலையைத் தூக்காமலே. "பாஸ்போர்ட் இல்லேன்னா பிளேன்ல ஏத்த மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்கடா."

"அப்ப அம்மா வீட்டுலயே இருப்பாங்க இல்ல?"

"வேற வழி?" என்று சொல்லிக்கொண்டே அத்தா மேசைக்கு அடியில் குனிந்தார்.

ஹசன் மறுபடியும் வாலுக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்தான். அத்தா அதைக் கவனிக்கவில்லை. ஃபைஹா கவனித்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு வசந்தாமணி ஆன்ட்டி வந்தார். கையில் ஒரு பெரிய டப்பா.

"ரோஷன், வழியில சாப்பிட லெமன் ரைஸ் கொண்டு வந்திருக்கேன். ஏர்போர்ட்ல விக்கிற காய்ஞ்ச சாண்ட்விச்செல்லாம் வாங்கித் தின்னாத." பிறகுதான் அறையைப் பார்த்தார். "என்ன, வீட்டுக்குள்ள புயல் அடிச்சிருக்கா?"

அம்மா விஷயத்தைச் சொன்னார். வசந்தாமணி ஆன்ட்டியால் சும்மா உட்கார முடியாது. "நீங்க தேடுங்க. நான் பாத்திரத்தையாவது கழுவி வைக்கிறேன்," என்று சமையலறைக்குள் போனார். தொட்டி நிறையத் தட்டுகள் கிடந்தன. "இவ்வளவு நல்ல டிஷ்வாஷர் சும்மாதானே நிக்குது. இன்னிக்கு ஒரு நாள் இதை ஓட விடுவோம்."

அந்த டிஷ்வாஷர் இதுவரை ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை. அம்மாவுக்குக் கையால் கழுவினால்தான் திருப்தி. அதனால் அதற்குள் பிரியாணி செய்யும் தேக்சாப் பாத்திரமும் காலித் தயிர் டப்பாக்களும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஆன்ட்டியின் கை டிஷ்வாஷர் கதவில் பட்டதுதான் தாமதம், ஹசன் எழுந்து ஓடி வந்தான்.

"அதைத் திறக்காதீங்க, ஆன்ட்டி. அது ரிப்பேர்."

"ரிப்பேரா? ஓடவே ஓடாத மெஷின் எப்படிப்பா ரிப்பேர் ஆகும்?"

ஹசன் முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

ஃபைஹாவுக்குப் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. அம்மா கிளம்பிவிடுவார். ஆனால் இவன் இப்படியே கதவில் ஒட்டிக்கொண்டு நிற்பானே, மூன்று வாரமும்.

ஹசன் ஏன் ஒளித்து வைத்தான் என்பதும் அவளுக்குப் புரிந்தது. காரணம் அவள்தான்.

ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் ஒரு கப்பலைப் பற்றிப் பேச வேண்டும் என்று மிஸ் ஒர்ட்டீஸ் சொல்லியிருந்தார். அம்மா ஆஸ்பத்திரிக் கப்பலுக்குப் போகிறாரே என்று ஃபைஹாவும் ஓர் ஆஸ்பத்திரிக் கப்பலைத் தேர்ந்தெடுத்தாள். பெயர் பிரிட்டானிக். "ஆரம்பமே ஆளைப் பிடிச்சு உலுக்கணும்" என்று மிஸ் சொல்லியிருந்ததால், வியாழக்கிழமை சாயங்காலம் ஆரம்பத்தை மட்டும் எழுதி, ஹசனை எதிரே உட்கார வைத்துப் பேசிப் பார்த்தாள். நூறு வருடத்துக்கு முன்னால் நடந்த பெரிய போர், வெள்ளை வெளேரென்ற கப்பல், பக்கவாட்டில் சிவப்புச் சிலுவைகள், திடீரென்று ஒரு வெடிச் சத்தம். "ஐம்பத்தைந்தே நிமிடம். அந்தப் பெரிய கப்பல் கடலுக்கு அடியில் போய்விட்டது" என்று கைகளை விரித்து முடித்தாள்.

ஹசன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள் அம்மா தோசை சாப்பிடக் கூப்பிட்டார். மீதியை அவள் சொல்லவே இல்லை.

"ஆன்ட்டி, அதுக்குள்ள டப்பாவெல்லாம் அடுக்கி வச்சிருக்கு," என்றாள் ஃபைஹா. "தட்டை அப்புறமா நானே கழுவிடுறேன். நீங்க அம்மாவோட பெட்டியைப் பூட்ட உதவி பண்றீங்களா? அது மூட மாட்டேங்குது."

பெட்டி என்றதும் ஆன்ட்டி உற்சாகமாகப் போனார். பெட்டி மேல் ஏறி உட்காருவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

வாசலில் அத்தா கார் சாவியை எடுத்தார். "ஒருவேளை ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணிட்டு மெஷின்லயே விட்டுட்டேனோ என்னவோ. போயிட்டு வந்துடறேன்."

அவர் ஆபீஸ் லாஸ் கொலினாஸில் இருந்தது. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.

"அத்தா, போகாதீங்க," என்றாள் ஃபைஹா. "எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க."

"பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

ஃபைஹா பொய் சொல்லவில்லை. "பத்து நிமிஷம் மட்டும், அத்தா. அதுவரைக்கும் எதுவும் கேக்காதீங்க."

அத்தா அவளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பு வைக்கும் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு மணி நாலு நிமிஷம். எண்ண ஆரம்பிச்சுட்டேன்," என்றார்.

ஃபைஹா தம்பியைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். இருவரும் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றான் ஹசன்.

"நீ சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லணும். அன்னிக்கு உனக்குப் பாதிக் கதைதான் சொன்னேன்."

"மீதி இருக்கா?"

"இருக்கு. நான் எழுதி முடிக்கல, அதனால சொல்லல."

ஹசன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "கப்பல் முங்கினதுக்கு அப்புறம் என்ன மீதி இருக்கும்?"

"முங்கறதுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் ஆச்சுல்ல. அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்துல என்ன நடந்துச்சுங்கறதுதான் மீதி."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கப்பலில் மூவாயிரத்துக்கும் அதிகமான படுக்கைகள் இருந்தன. ஆனால் அன்றைக்கு அதில் நோயாளி ஒருவர்கூட இல்லை. அடிபட்ட வீரர்களை ஏற்றி வரக் காலியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டாக்டர்கள், நர்சுகள், கப்பலை ஓட்டுகிறவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கிரேக்க நாட்டுக் கடல். காலை எட்டு மணி. நர்சுகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாப்பாடு?"

"தெரியலை. முட்டையா இருக்கலாம்."

"வெடிச்ச உடனே தட்டுல மிச்சம் வச்சிட்டுப் போயிட்டாங்களா?"

"வச்சிட்டுத்தான் போயிருக்கணும்."

"யாரும் திட்டலையா?"

"அன்னிக்கு யாரும் திட்டியிருக்க மாட்டாங்க."

ஹசனுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. தலையணையைக் கொஞ்சம் தளர்த்தினான்.

"தண்ணிக்குள்ள யாரோ ஒளிச்சு வச்சிருந்த வெடிகுண்டு அது. சண்டை நடந்ததால வச்சிருந்தாங்க. கப்பல் அதுல மோதிடுச்சு. உடனே எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு மேல வந்தாங்க. நிறைய படகு இருந்துச்சு. முதல்ல நர்சுகளைப் படகுல ஏத்திட்டாங்க. ஒரு நர்சுக்குக்கூட ஒண்ணும் ஆகலை, ஹசன்."

"ஒருத்தருக்குக்கூடவா?"

"ஒருத்தருக்குக்கூட. பக்கத்துல ஒரு தீவு. அங்கேர்ந்து மீன் பிடிக்கிறவங்க அவங்க படகையெல்லாம் எடுத்துட்டு வந்து, தண்ணியில கிடந்தவங்களைத் தூக்கிட்டாங்க. வேற கப்பலும் வந்துச்சு."

"அப்ப எல்லாரும் தப்பிச்சுட்டாங்க."

'ஆமா' என்று சொன்னால் இவன் இப்போதே ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்துவிடுவான். ஆனால் அதுவும் இன்னொரு பாதிக் கதையாகத்தான் இருக்கும்.

"எல்லாரும் இல்ல," என்றாள். "முப்பது பேர் செத்துட்டாங்க. கப்பல் நிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு படகை அவசரப்பட்டு இறக்கிட்டாங்க, அது கப்பலுக்கு அடியில சுத்திக்கிட்டிருந்த விசிறியில மாட்டிக்கிச்சு. அதுல இருந்தவங்கதான் நிறைய பேர்."

ஹசன் யோசித்தான். "முப்பது பேர்னா எவ்வளவு?"

"உன் கிளாஸ்ல இருக்கறவங்களைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

"அது நிறைய."

"ஆமா. நிறையதான். ஆனா தப்பிச்சவங்க ஆயிரம் பேருக்கு மேல. உன் ஸ்கூல் மாதிரி ரெண்டு ஸ்கூல்."

கூடத்தில் வசந்தாமணி ஆன்ட்டி பெட்டி மேல் குதிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, அம்மா போற கடல்ல குண்டு இருக்கா?"

"அங்க சண்டை எதுவும் நடக்கலை. ஆனா அந்தக் கப்பலைப் பத்தி எனக்கு எல்லாமும் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும். அவங்ககிட்டயே கேப்போமா?"

"திட்டுவாங்க."

"நான் உன்கூட வரேன். முதல்ல நான் பேசறேன்."

ஹசன் கட்டிலை விட்டு இறங்கினான். அக்காவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

கூடத்தில் பெட்டி மூடியிருந்தது. அம்மா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அழவில்லை. ஆனால் எந்த நிமிடமும் அழுதுவிடுவார் போலிருந்தது.

"அம்மா," என்றாள் ஃபைஹா. "வியாழக்கிழமை நான் ஹசன்கிட்ட ஒரு ஆஸ்பத்திரிக் கப்பல் முங்கின கதையைச் சொன்னேன். பாதியில விட்டுட்டேன். அவன் உங்க கப்பலும் அப்படித்தான் ஆகும்னு நினைச்சுட்டான். தப்பு என்னோடதுதான். அவன் உங்ககிட்ட சில கேள்வி கேக்கணுமாம்."

அம்மா நிமிர்ந்து ஹசனைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, "வா, இங்க உக்காரு," என்று பக்கத்தில் இடம் காட்டினார்.

செருப்புப் பெட்டி மேலிருந்து அத்தா, "ஏழு நிமிஷம் ஆச்சு," என்றார். வசந்தாமணி ஆன்ட்டி அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அத்தா எண்ணவில்லை.

"உங்க கப்பல்ல படகு இருக்கா?" என்று கேட்டான் ஹசன்.

"இருக்குடா. எல்லாருக்கும் இடம் இருக்கு. போன உடனே முதல் வேலையே, மணி அடிச்சா எந்தப் படகுக்கு ஓடணும்னு சொல்லிக் குடுக்கறதுதானாம்."

"கடல்ல எவ்வளவு தூரம் போகும்?"

"எது?"

"கப்பல்."

"அது எங்கயும் போகாதே," என்றார் அம்மா. "நான் அங்க இருக்கற வரைக்கும் துறைமுகத்துலதான் கயித்துல கட்டிப் போட்டிருப்பாங்க. நோயாளிங்க எல்லாரும் படியேறி உள்ள வருவாங்க. சாயங்காலம் நான்கூடப் படி இறங்கி நடந்துட்டு வரலாம்."

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கரையோடு ஒட்டி நின்ற பெரிய வெள்ளைக் கப்பல். தடித்த கயிறுகள். கரையில் வரிசையாக ஆட்கள், ஒரு பெண்ணின் முதுகில் குழந்தை.

ஹசன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான். கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். வெகுநேரம் பார்த்தான்.

"நகரவே நகராதா?"

"நகராது."

"அப்ப அது கப்பல் இல்லம்மா. பில்டிங்."

"கிட்டத்தட்ட பில்டிங்தான்," என்றார் அம்மா.

ஹசன் ஒரு பெருமூச்சு விட்டான். பெரியவர்கள் விடுகிற மாதிரி நீளமான பெருமூச்சு. "இதை யாராவது என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனான். டிஷ்வாஷர் திறக்கும் சத்தம் கேட்டது. தேக்சா மூடி உருண்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு தயிர் டப்பா இருந்தது.

அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே, நாலாக மடித்த டிஷ்யூ தாளுக்குள் பத்திரமாக இருந்தது பாஸ்போர்ட்.

"ஈரம் படக்கூடாதுன்னு சுத்தி வச்சேன்," என்றான் ஹசன், மெதுவாக.

முதலில் சிரித்தது வசந்தாமணி ஆன்ட்டி. "நல்ல வேளை, நான் அந்த மெஷினை ஓட விடலை," என்றார். சொல்லிவிட்டு அவரே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உடனே அம்மாவும் சிரித்தார். சிரிப்பு வந்த பிறகுதான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஹசனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். மறுகையால் ஃபைஹாவையும் இழுத்தார்.

"பயமா இருந்தா ஒளிச்சு வைக்காத, என்கிட்ட வந்து கேளு. சரியா?"

"சரி."

"பாஸ்போர்ட்ல தயிர் வாசனை வருது," என்றார் அத்தா, முகர்ந்து பார்த்து. "அங்க ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவ, ரோஷன்?"

"லெமன் ரைஸ் குடுத்துச் சமாளிச்சுக்கலாம்," என்றார் ஆன்ட்டி.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் கிளம்பியது. சனிக்கிழமை என்பதால் சாலையில் கூட்டம் இல்லை. அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி, "ஃபைஹா, அந்தக் கப்பல் கதையை எனக்கும் முழுசாச் சொல்லு," என்றார்.

ஃபைஹா முதலிலிருந்து சொன்னாள். அவள் ஏதாவது விட்டுவிட்டால் ஹசன் எடுத்துக் கொடுத்தான். மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு வருகிற இடத்தில் அத்தா, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஏர்போர்ட் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஏங்க, இந்தத் திருப்பம்தானே," என்றார் அம்மா.

"கதை நல்லா இருந்துச்சு," என்றார் அத்தா. அடுத்த திருப்பத்தில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் நேரம் இருந்தது.

விமான நிலையத்தில் ஹசன் அழவில்லை. கொஞ்சம் மூக்கை உறிஞ்சினான், அவ்வளவுதான். பாதுகாப்புச் சோதனை வரிசை வளைந்து திரும்பும் வரை அம்மா கையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் தலை மறைந்த பிறகும் ஹசன் ஆட்டிக்கொண்டிருந்தான். ஃபைஹாவும் ஆட்டினாள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் வீடியோ கால் வந்தது. போனில் அம்மா பச்சை நிற ஆபரேஷன் உடுப்பில் இருந்தார். பின்னால் ஒரு வட்ட ஜன்னல். முகம் களைத்திருந்தது, ஆனால் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு ஒரு குட்டிப் பையனுக்குக் கண் கட்டு பிரிச்சோம்டா. உன் வயசுதான். பொறந்ததுலேர்ந்து சரியாத் தெரியாது அவனுக்கு. கட்டைப் பிரிச்ச உடனே என்ன பண்ணினான் தெரியுமா? என் பாக்கெட்ல இருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டான். திருப்பியே குடுக்கலை."

"அவன் பேர் என்ன?"

"இப்ராஹிம்."

ஹசன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். இப்ராஹிமுக்குப் பல் விழுந்துவிட்டதா, அந்த ஊரில் தோசை உண்டா, மாடிப் படி எத்தனை. அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஃபைஹா பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே யாரோ பந்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஹசன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நான் விளையாடப் போறேன். நீங்க அக்காகிட்ட பேசுங்க," என்று போனை ஃபைஹாவின் கையில் திணித்துவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.